கிழக்கே சமுத்திரம்: காணாமற்போன தெருவும் பக்கத்து வீட்டுப் பத்திரமும்

கேள்வி: என் தாத்தாவின் அப்பா தரங்கம்பாடியில் பிறந்தவர். நாகப்பட்டினம் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். பட்டறை பொன்மலைக்கு மாறியபோது குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. கடலை ஒட்டிய ஒரு தெருவின் பெயரை அப்பா அடிக்கடி சொல்வார் (அவருக்கு எழுபது தாண்டிவிட்டது). போன மாசியில் தம்பியோடு போய்ப் பார்த்தேன். அப்படி ஒரு தெருவே இல்லை என்கிறார்கள். ஒரு பெரியவர் மட்டும் கடலைக் காட்டி, "உள்ளே போயிருக்கும்மா" என்றார். தாலுகா ஆபீசில் கேட்டால் சர்வே நம்பர் கேட்கிறார்கள். எங்களிடம் இருப்பது 1949-ல் தாத்தா கல்யாணத்துக்கு எழுதிய மொய் நோட்டு ஒன்றுதான். அதில் ஒரு பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன். முன்னோர்களைத் தேட இதைக் கொண்டு ஏதாவது வழி உண்டா? அந்த வீட்டு மனை நமக்குச் சேருமா என்றும் தம்பி கேட்கச் சொன்னான்.
பொன்மலை வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா,

தெருவின் பெயரையும் பெரியவர்கள் பெயர்களையும் எழுதியிருந்தீர்கள்; அவற்றை இங்கே வெளியிடவில்லை. நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் என் யோசனை பத்திரங்களின் பக்கமே சாயும். அதற்குக் காரணமும் உண்டு, சொல்கிறேன்.

தாலுகா ஆபீசில் உங்களை அலைக்கழிக்க வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வருவாய்த் துறைக்குத் தெருப் பெயர் தெரியாது, அவ்வளவுதான். கிராமத்துக் கணக்குகளில் தாய்க் கணக்கு 'அ' பதிவேடு. அதில் வயலுக்கு வயல் சர்வே எண், பரப்பு, தீர்வை (நிலவரி), பட்டாதாரர் பெயர் எல்லாம் இருக்கும். ஊர் குடியிருக்கும் இடம் வந்ததும் 'கிராம நத்தம்' என்று மொத்தமாக எழுதி முடித்துவிடுவார்கள். வயலுக்குத் தீர்வை உண்டு, ஆகவே பெயர் உண்டு. நத்தத்து வீட்டுக்குத் தீர்வை இல்லை, ஆகவே பெயரும் இல்லை. நத்தத்தை வீடு வீடாக அளந்து பெயர் எழுதியதெல்லாம் 1980-களுக்குப் பிறகு நத்தம் நிலவரித் திட்டம் வந்த பின்புதான். 1928 வாக்கில் ஊரைவிட்டுக் கிளம்பிய குடும்பத்தை அங்கே தேடினால் கிடைக்காது.

ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணம் இருந்திருந்தால் வாய்வழியாக ஏதாவது சொல்லியிருப்பார். அந்தப் பதவியும் 1980 நவம்பரில் ஒழிந்தது. போதாததற்கு மாவட்டம் வேறு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1991 வரை தஞ்சாவூர், பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. பழைய கட்டு எந்த ஊர் ஆவண அறையில் தூங்குகிறது என்பதை விசாரித்துக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும்.

கடல் கொண்டுபோனது என்பதை உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். தரங்கம்பாடியில் கடல் உள்ளே வந்தது உண்மை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியை அலை தின்றுவிட்டது. ஊரை ஒட்டி நின்ற கோயிலுக்கே அந்தக் கதி என்றால், அதன் அக்கம்பக்கத்து வீடுகள் மட்டும் தப்பியிருக்குமா? ஆனால் தெரு காணாமற்போக வேறு வழிகளும் உண்டு. பேர் மாறியிருக்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு மீனவக் குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டிக் கொடுத்தபோது, குடியிருப்போடு பழைய பேரும் புழக்கத்திலிருந்து போயிருக்கலாம். இன்னொன்று, வெளியூருக்குப் போன குடும்பங்கள் தெருவை ஒரு பேரிலும் ஊரில் இருப்பவர்கள் வேறு பேரிலும் சொல்வது எங்கும் நடக்கிறது.

ஆகவே அப்பாவிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: நம் வீடு கோட்டை வாசலுக்கு உள்ளேயா, வெளியேயா? டேனியர்கள் 1620-ல் வந்து டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டி, பிறகு ஊரையே மதில் வளைத்து வைத்திருந்தார்கள். நீங்கள் ஊருக்குள் நுழைந்த அந்த வெள்ளை வாசல் 1792-ல் கட்டியது. மதிலுக்குள்ளே கிங் தெரு, குயின் தெரு என்று நேர்கோட்டுத் தெருக்கள். இந்த உட்பகுதிக்கு 18-ஆம் நூற்றாண்டிலேயே டேனிய வரைபடங்கள் உண்டு. வெளியே மீனவர் குடியிருப்பு என்றால் வழி வேறு. அங்கே ஊர்ப் பஞ்சாயத்தார் தலைக்கட்டுக் கணக்கு வைத்து வரி வாங்கிய நோட்டுகளைக் கேட்க வேண்டும். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு என்பதால், பழைய நோட்டு கிடைத்துவிட்டால் அது ஊர்ப் பட்டியல் மாதிரியே இருக்கும்.

இப்போது பத்திரத்துக்கு வருவோம்.

தெருப் பெயரை ஒழுங்காக எழுதிவைத்த அரசுக் கணக்கு பதிவுத் துறையினுடையது. அந்தக் காலத்துக் கிரயப் பத்திரத்தை எடுத்தால், இன்ன ஊர் இன்ன தெருவிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார், இன்ன ஜாதி, இன்ன மதம், இன்ன ஜீவனம் என்று தொடங்கும். கடைசியில் சொத்து விவரம் வரும். "மேற்படி தெரு கீழ்வாடையில் மேற்குப் பார்த்த ஓட்டு வீடும் மனைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு (கீழ்வாடை என்றால் தெருவின் கிழக்கு வரிசை), செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை, எழுதுவார்கள். இன்னார் வீட்டுக்கு வடக்கு, தெருவுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்குத் தெற்கு, சமுத்திரத்துக்கு மேற்கு. நான்கு வரிதான். அதற்குள் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயர் வந்துவிடுகிறது. அவர்கள் விற்றபோதும் அடமானம் வைத்தபோதும் எழுதிய பத்திரத்தில் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்கள்.

உங்கள் கொள்ளுத்தாத்தா எதையுமே எழுதிப் பதியாமல் போயிருக்கலாம். நூறு ரூபாய்க்குக் கீழ்ப்பட்ட வீடு மனையை விற்கப் பத்திரப் பதிவு அன்று கட்டாயமில்லை. 1920-களில் கடலோரத்துக் கூரை வீடு ஒன்று நூறு ரூபாய் பெறாமல் இருந்திருக்கலாம். அதனால் அவர் பெயரில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் கதை முடிந்தது என்று திரும்பிவிடாதீர்கள். அவர் பெயர் பக்கத்து வீட்டுக்காரர் பத்திரத்தின் செக்குபந்தியில் உட்கார்ந்திருக்கும். தெருவுக்கும் இதே கணக்குதான். கடலோரத் தெரு போய்விட்டாலும் அதற்கு மேற்கே இருந்த தெரு போயிருக்காது. அந்த மேற்குத் தெருவில் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, அது கைமாறிய பத்திரங்களை வருஷ வரிசையில் அடுக்கிப் பாருங்கள். பழையதில் கிழக்கு எல்லை 'இன்னார் வீட்டுக் கொல்லைக்கு மேற்கு' என்று இருக்கும். பிந்தையதில் அதே வீட்டுக்கு 'சமுத்திரக் கரைக்கு மேற்கு' என்று வரும். அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தான் உங்கள் தெரு போயிருக்கிறது. கிழக்கு எல்லை கடைசிவரை மாறவே இல்லை என்றால் தெரு கடலுக்குள் போகவில்லை, பேர்தான் மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பெரியவர் கையைக் காட்டியது சரியா என்பதை இப்படித்தான் சோதிக்க முடியும்.

எப்படிக் கேட்பது? அசையாச் சொத்துப் பத்திரங்கள் '1 புத்தகம்' என்ற தொகுதியில் நகலெடுக்கப்பட்டிருக்கும். அதற்கு இரண்டு அட்டவணைகள்: ஒன்று ஆள் பெயர்ப்படி, இன்னொன்று சொத்து இருக்கும் ஊர்ப்படி. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவுப்படி கட்டணம் கட்டினால் இவற்றை யாரும் பார்க்கலாம், 1 புத்தகத்திலிருந்து யாரும் நகல் வாங்கலாம். "நீங்கள் வாரிசா, வாரிசுச் சான்று எங்கே?" என்று கவுன்டரில் கேட்டால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள், சண்டை வேண்டாம். (உயில்களுக்கு வேறு விதி.) இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து ஒன்றும் இல்லை என்று எழுதாதீர்கள்; கணினியில் ஏற்றியிருப்பது பிற்காலத்து விவரம்தான். 1926 முதல் 1930 வரை கைத்தேடலுக்கு மனு கொடுங்கள், எழுதிக்கொடுத்தவர் பெயரில் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பழைய தொகுதிகள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கக்கூடும். இராமபாணப் பூச்சி துளைத்த தொகுதி என்றால் புரட்டவே விடமாட்டார்கள், அதில் அவர்கள் செய்வது சரிதான்.

நகல் கைக்கு வந்ததும் எழுத்து மிரட்டும். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. வருஷத்தைத் தமிழ்ப் பெயரில் எழுதியிருப்பார்கள். நீங்கள் தேடும் காலத்தில் பிரபவ என்றால் 1927-28, விபவ என்றால் 1928-29. பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) என்று இருந்தால் 590-ஐக் கூட்டுங்கள்; பசலி 1338 என்பது 1928 ஜூலையில் தொடங்கும் ஆண்டு. ஜாதியைப் பற்றிக் கடிதத்தில் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. நாகரிகமாக விட்டிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் தேடும்போது அது வேண்டும். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாத நம் ஊரில், ஒரே பேருள்ள நாலு பேரைப் பத்திரம் பிரித்துக் காட்டியது தகப்பன் பெயர், ஜாதி, தொழில் இந்த மூன்றையும் வைத்துத்தான்.

இனி அந்த மொய் நோட்டு. "ஒன்றுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பலருக்கு அதுகூட இல்லை. நீங்கள் அனுப்பிய பக்கத்தை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் பொன்மலை ஆட்கள், பட்டறைச் சகாக்கள் போலிருக்கிறது, எட்டணா, நாலணா. நடுவில் ஒரு பேருக்கு முன்னால் 'தரங்கை மாடி வீட்டு' என்று இருக்கிறது, ௹ 1–0–0. அதற்கு இரண்டு வரி கீழே மை மங்கிய இடத்தை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை: 'பொறையாறு அத்தை வீட்டு வகை, செம்பு 1, ௹ 2–0–0'.

அந்தப் பக்கத்திலேயே பெரிய மொய் அதுதான். கூடவே பாத்திரம். தூரத்துச் சொந்தம் இப்படிச் செய்யாது. அத்தை என்றால் யாருக்கு அத்தை? மாப்பிள்ளைக்கு, அதாவது உங்கள் தாத்தாவுக்கு அத்தை என்றால், அவர் கொள்ளுத்தாத்தாவின் உடன்பிறந்தவர். பேனா பிடித்தவர் கொள்ளுத்தாத்தாவின் வாய்ச்சொல்லை அப்படியே எழுதியிருந்தால், அவருடைய அப்பாவின் உடன்பிறந்தவர். இந்த இரண்டில் எதுவானாலும் அது உங்கள் வீட்டில் பிறந்து பொறையாறில் வாழ்க்கைப்பட்ட பெண். பொறையாறு தரங்கம்பாடியை ஒட்டியே இருக்கிறது. ஆண் வேலையைத் தேடி ரயிலேறிவிட்டார்; கட்டிக்கொடுத்த பெண் அங்கேயே இருந்திருக்கிறார். கடலோரத்து வீட்டைப் பற்றிய பேச்சு அந்தப் பெண்ணின் பேரன் பேத்திகளிடம் உங்களிடம் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கும். ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் எல்லாம் ஆண் வழியையே பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. பெண் கொடுத்த வீடுகளைத் தேடுகிறவர்களுக்குத்தான் சீக்கிரம் ஏதாவது கிடைக்கிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அந்த இரண்டு ரூபாய்க்கும் செம்புக்கும் பதிலாக உங்கள் வீட்டிலிருந்து பிறகு ஒரு மொய் போயிருக்கும். அது அவர்கள் வீட்டு நோட்டில் 'பொன்மலை' என்று ஏறியிருக்கும். பொறையாறில் தேடப்போகும்போது நகல் போதாது, அந்த நோட்டையே கையில் கொண்டு போங்கள். கதை சொன்னால் நம்பத் தயங்குகிற வீட்டில் பழைய நோட்டைக் காட்டினால் உட்காரச் சொல்வார்கள். மற்றப் பக்கங்களில் 'மாமன் மொய்', 'பங்காளி' என்ற குறிப்பு எங்கே வந்தாலும் தனித்தாளில் எழுதிவையுங்கள்.

அப்பாவிடம் கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ல் ரயில் விட்டார்கள், 1986-ல் நிறுத்தினார்கள். ரயில்வே குடும்பத்துக்குப் பாஸ் உண்டு. சின்ன வயதில் அந்த ரயிலில் போனாரா, இறங்கி யார் வீட்டில் சாப்பிட்டார், குலதெய்வத்துக்கு எந்த ஊரில் பொங்கல் வைத்தார்கள், அங்கே கோயில் வரி யார் பேரில் கட்டினார்கள். தெருப் பேரை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் அவர் அதையே திரும்பச் சொல்வார். சாப்பாட்டைக் கேட்டால் ஆட்கள் வருவார்கள். இதைப் பத்திரத்துக்கும் முன்னால் செய்யுங்கள், இந்த மாதமே.

நாகப்பட்டினம் பட்டறை 1928-ல் பொன்மலைக்கு வந்தது. கொள்ளுத்தாத்தாவின் சர்வீஸ் ரெஜிஸ்டர் கிடைத்தால் தகப்பன் பெயர், பிறந்த தேதி, சொந்த ஊர் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். அவ்வளவு பழைய ரெஜிஸ்டரை ரயில்வே இன்னும் வைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. வீட்டுப் பரணில் டிரங்குப் பெட்டி இருந்தால் பி.எஃப். சீட்டு, பாஸ், ஓய்வுக்காலக் காகிதம் எதுவானாலும் எடுத்து வையுங்கள்.

பிறப்புப் பதிவு தேடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பழைய பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆண் குழந்தை, தகப்பன் இன்னார், இன்ன தேதி என்றுதான் இருக்கும். தகப்பன் பெயர் தெரிந்த பிறகு போங்கள். அவர் அங்கே பள்ளிக்கூடம் போயிருந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் பார்ப்பது அதைவிடச் சுலபம். தரங்கம்பாடியில் மிஷன் பள்ளிகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் வழி இன்னும் நேர்: கிங் தெருவில் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் சபையில் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைக் கேட்கலாம். காரைக்காலில் யாரையாவது கட்டிக்கொடுத்திருந்தால், பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்த பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகம் அவற்றில் ஒரு பகுதியை இணையத்தில் வைத்திருக்கிறது.

டென்மார்க் ஆவணங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தரங்கம்பாடி என்றாலே யாராவது ஒருவர் கோபன்ஹேகனுக்கு எழுதச் சொல்வார், அதனால் சொல்லிவைக்கிறேன். 1845-ல் டேனியர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கொள்ளுத்தாத்தா 1895-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று வைத்தால், அவருடைய தாத்தா டேனியக் கொடியின் கீழ்ப் பிறந்திருக்க வாய்ப்பு உண்டு. கோபன்ஹேகன் தேசிய ஆவணக் காப்பகத்தில் தரங்கம்பாடி அரசாங்கக் கட்டுகள் இருக்கின்றன. தஞ்சை ரகுநாத நாயக்கர் பொன்னோலையில் எழுதிக்கொடுத்த கடிதமும் அங்கேதான். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் மிஷன் காகிதங்கள். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டேனியர் காலத்தவை ஒரு பகுதி உண்டு. ஆனால் இடையில் உள்ள மூன்று தலைமுறையின் பெயரும் கையில் இல்லாமல் அங்கே போனால், தமிழ்ப் பேரை டேனியர் காதில் விழுந்தபடி எழுதிய பட்டியலில் கண்ணில் பட்ட முதல் பேரை நம் பாட்டன் என்று சொல்லத் தோன்றும். பணம் கொடுத்தால் பத்துத் தலைமுறை வம்சாவளி போட்டுத் தருகிறேன் என்கிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

பேரைப் பற்றி ஒரு வார்த்தை. மூத்த பேரனுக்குத் தாத்தா பேர் வைப்பது வழக்கம் என்பதால், உங்கள் குடும்பத்தில் இரண்டே பேர்கள் மாறி மாறி வரக்கூடும். உங்கள் தாத்தாவின் பேரே அவருடைய தாத்தாவுக்கும் இருந்திருக்கலாம். ஊகிக்க அது உதவும். ஆனால் பத்திரத்தில் அந்தப் பேரைப் பார்த்ததும் தலைமுறையைத் தவறாக ஏற்றிவிடாமல் இருக்க, தகப்பன் பெயரும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கடைசியாகத் தம்பியின் கேள்வி. கிளம்பும்போது வீட்டை விற்றிருந்தால் அன்றோடு முடிந்தது. கடல் கொண்டுபோயிருந்தால், அலை அடிக்கும் இடத்தில் யாருக்கும் பட்டா கிடையாது. விற்காமலும் கடல் கொள்ளாமலும் இருந்தால், அங்கே இத்தனை வருஷமாகக் குடியிருந்து நத்தம் பட்டா வாங்கியவரை இனி யாரும் அசைக்க முடியாது; பன்னிரண்டு வருஷ அனுபவத்துக்கே சட்டம் மதிப்புக் கொடுக்கிறது, இங்கே ஏறக்குறைய நூறு ஆகிவிட்டது. தம்பியைப் பொறையாறுக்கு அழைத்துப் போங்கள், துணை வேண்டும். ஆனால் மனையைப் பற்றி அங்கே வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அழைத்துப் போங்கள். சொத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் மொய் நோட்டு என்ன, குடிக்கத் தண்ணீர்கூட வெளியே வராது.